உயிருக்கு விலை வைப்பவன் கம்பெனிக்காரன்; உண்டியல் ஏந்துபவன் கூலிக்காரனா?

கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயப் பாக்கெட்டைக் குடித்த கூலி ஜனங்கள் கண் இருண்டு, வயிறு எரிந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் வந்து விழுந்தார்கள். அங்கிருந்து சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அவர்களை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். 65 பேருக்கு மேல் மாண்டார்கள். செத்தவர் குடும்பத்துக்குத் தலைக்குப் பத்து லட்ச ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு ஐந்து லட்சம் டெபாசிட், பதினெட்டு வயது வரை மாதம் ஐயாயிரம் என்றும் அறிவித்தது.

கொடுத்தது சரிதான். அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு இன்னும் கொடுத்தாலும் தகும். ஆனால் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பிணத்தைக் கண்ட மறுநாளே கஜானாவைத் திறக்கத் தெரிந்த ஆட்சிக்கு, உயிரோடு கிடக்கும் குழந்தைக்கு மருந்து கேட்டால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது? செத்தால் பத்து லட்சம். பிழைக்க வேண்டுமானால் உண்டியல்! இது எந்த ஊர் நியாயம்?

பஸ் ஸ்டாண்டுகளில் நாம் காணாத காட்சியல்ல. படுத்த படுக்கையாக ஒரு குழந்தையின் படம் போட்ட பேனர். பக்கத்தில் மைக் வைத்த வண்டி. தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு நான்கு இளைஞர்கள். வேலை முடிந்து வரும் சுமைப் பணியாளி மடியைத் துழாவிப் பத்து ரூபாய் போடுகிறான். நாற்று நட்டுவிட்டு வரும் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். இப்போது இந்த உண்டியல் செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டது. அங்கே இதை நடத்துவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் பெரியதாக இருக்கும் கம்பெனியின் தலைவரே, தங்களிடம் வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வைத்தியத்துக்குத்தான் என்று 2019-இல் சொன்னார். உலகத்திலேயே பணக்கார நாட்டின் லட்சணம் இது!

நம் பக்கத்து ஜில்லா கதைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம், விசைத்தறியும் சாயப்பட்டறையும் நிறைந்த ஊர். 2021-இல் அங்கே ஒரு பெண் குழந்தைக்கு முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் என்று டாக்டர்கள் கண்டார்கள். எஸ்.எம்.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். உடம்பில் ஒரு மரபணு பழுதாகிவிடுகிறது. தசையை ஆட்டுவிக்கும் நரம்பு செத்துக்கொண்டே வருகிறது. குழந்தைக்குத் தலை நிற்காது, உட்கார முடியாது, கடைசியில் மூச்சும் நின்றுபோகும். பழுதான மரபணு தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று மறைந்திருந்து, இரண்டும் சேரும்போது வருகிற நோய் இது. பெற்றவர் செய்த பாவமும் அல்ல, சாமி குற்றமும் அல்ல.

இதற்கு ஒரே ஒரு முறை போடுகிற ஊசி இருக்கிறது. ஜோல்கென்ஸ்மா என்று பெயர். சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் கம்பெனியின் சரக்கு. 2021-இல் அதன் விலை பதினாறு கோடி ரூபாய்.

தோழர்களே, பதினாறு கோடி என்றால் என்ன என்று நம் கணக்கில் பார்க்க வேண்டும். 2025-26 ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் ஒரு காசு தின்னாமல் சேர்த்தால் பதினாறு கோடிக்கு நாலு லட்சத்து எழுபத்தாறாயிரம் நாள் மண் வெட்ட வேண்டும். வருஷத்துக்கு நூறு நாள் முழுசாகக் கிடைத்தாலும் 4,760 வருஷம்! வள்ளுவர் காலத்துக்கும் முன்னே மண்வெட்டியைப் பிடித்திருந்தாலும் இன்னும் பாதி வேலை முடிந்திருக்காது.

குமாரபாளையத்துக் குழந்தைக்காக ஊர் ஊராக ஜனங்கள் கொடுத்தார்கள். இதில் இறக்குமதி வரியும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் ஆறு கோடி அளவுக்கு வந்தது. பெருங்கூச்சல் எழுந்த பிறகு, 2021 ஜூலையில், மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அந்த வரியைத் தள்ளுபடி செய்தார். அதே செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும் இத்தகைய இறக்குமதிக்கு விலக்குக் கொடுத்தது. பத்திரிகைகள் பாராட்டுரை பாடின.

சபாஷ்! சாகக் கிடக்கும் குழந்தையின் மருந்தில் வரி பிடுங்காமல் விட்டதே ஒரு தர்மம் என்று நாம் கைதட்ட வேண்டுமாம். வரி போனது, கம்பெனியின் பதினாறு கோடி போனதா? அதில் ஒரு பைசாவைக் குறை என்று எந்த மந்திரியாவது நோவார்ட்டிஸைப் பார்த்துக் கேட்டாரா? ஜனங்களின் பணத்தையும் விட்டுக்கொடுத்து, சர்க்காரின் வருமானத்தையும் விட்டுக்கொடுத்து, கம்பெனியின் லாபத்தை மட்டும் கோயில் சொத்துபோல் காப்பாற்றினார்கள்.

"ஆராய்ச்சிக்குச் செலவாகிறதே, விலை வைக்காமல் எப்படி?" என்று கோட்டு போட்ட வக்கீல்கள் கேட்பார்கள். பதில் சொல்வோம். இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1995-இல் கண்டுபிடித்தது பாரிஸ் நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் வேலை செய்த விஞ்ஞானிகள். நல்ல மரபணுவை ஒரு வகை வைரஸில் ஏற்றி நரம்புக்குக் கொண்டு சேர்க்கலாம் என்ற ஆராய்ச்சியில் பெரும் பங்கு பிரான்ஸ் தேசத்து ஜெனதோன் ஆய்வுக்கூடத்துடையது. அந்தக் கூடம் யார் பணத்தில் நடக்கிறது தெரியுமா? தசை நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம் 1987 முதல் வருஷந்தோறும் தொலைக்காட்சியில் நடத்தும் நிதி வசூலில்! ஆம், அதுவும் உண்டியல்தான். பிரெஞ்சுத் தொழிலாளியும் விவசாயியும் போட்ட காசு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த ஊசி உருவானது. அதிலும் பொதுப் பணமும் தர்மப் பணமும் உண்டு.

பிறகு அவெக்ஸிஸ் என்ற சின்னக் கம்பெனி உரிமைகளை வாங்கிச் சேர்த்தது. ஜெனதோனின் உரிமையும் 2018-இல் அதன் கைக்குப் போனது. அதே 2018-இல் நோவார்ட்டிஸ் இந்த அவெக்ஸிஸை 870 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் ஐம்பத்தெட்டாயிரம் கோடி ரூபாய் அளவு. இந்தப் பணம் எந்தச் சோதனைக்குழாய்க்குள்ளும் போகவில்லை. பங்குதாரர் பையிலிருந்து பங்குதாரர் பைக்குப் போனது. 2019 மே மாதம் அமெரிக்க சர்க்கார் ஊசிக்கு அனுமதி கொடுத்தவுடன் 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர் என்று விலை போட்டார்கள். சூதாட்டத்தில் போட்ட முதலைக் குழந்தைகளிடம் வசூலிக்கிறார்கள், அவ்வளவுதான்.

விலைக்கு அவர்கள் சொன்ன நியாயத்தையும் கேளுங்கள். ஆயுள் முழுக்க வேறு மருந்து கொடுத்தால் இதைவிட அதிகமாகுமாம்; ஆகவே இது மலிவாம்! கிணற்றில் தத்தளிப்பவனிடம் கயிற்றை நீட்டுகிறவன், "உன் உயிர் என்ன விலை பெறும்? அதில் பாதியைக் கொடு" என்றால் ஊரில் அவனை என்ன செய்வார்கள்? கம்பெனி செய்தால் அது வியாபார சாஸ்திரம்.

இதே அவெக்ஸிஸ் எலிகளிடம் நடத்திய சோதனைக் கணக்கில் மோசடி நடந்ததை அறிந்திருந்தும், அனுமதி கைக்கு வந்த பிறகே அமெரிக்க சர்க்காரிடம் சொன்னது என்று 2019 ஆகஸ்டில் வெளியாயிற்று. மருந்தின் பலனில் சந்தேகமில்லை என்று அந்தச் சர்க்கார் முடிவு செய்தது. நாமும் மருந்தைக் குறை சொல்லவில்லை. மருந்து நல்ல மருந்து. அதைச் செய்த விஞ்ஞானிகள் கையெடுத்துக் கும்பிடத் தகுந்தவர்கள். அதனால்தான் அது பூட்டுக்குள் கிடப்பது கொதிப்பூட்டுகிறது. 2020 முதல் இந்தக் கம்பெனி, ஊசிக்கு அனுமதி கிடைக்காத நாடுகளை நினைத்து ஒரு 'கருணை' காட்டியது. ஆண்டுக்கு நூறு ஊசி வரை இலவசம். யாருக்கு என்பது குலுக்கல் சீட்டில்! மூச்சு வாங்கும் குழந்தையின் பெயரைக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். திருவிழாவில் பாத்திரம் குலுக்குவதுபோல.

இங்கே இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். "ஒரு குழந்தைக்குப் பதினாறு கோடியா? அதில் ஆயிரம் குழந்தைக்குச் சத்துணவு போடலாமே" என்று கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறவர்கள். நம்மவரிலும் சிலர் இப்படிப் பேசுவதைக் கேட்கிறேன். இது கம்பெனி விரித்த வலை. பதினாறு கோடி என்பது அந்தக் குழந்தையின் செலவு அல்ல. அது கம்பெனி வைத்த விலை. விலையைத் தொடாமல் ஏழைக் குழந்தையையும் ஏழைக் குழந்தையையும் தராசில் நிறுத்துவானேன்?

விலை வேறு, செலவு வேறு என்பதற்கு என்ன அத்தாட்சி? இதோ. இதே நோய்க்கு ரிஸ்டிப்ளாம் என்று வாய்வழி மருந்து ஒன்று உண்டு. ரோஷ் கம்பெனியுடையது, அதுவும் சுவிட்சர்லாந்துதான். இந்தியாவில் ஒரு புட்டி ஆறு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் விற்றார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு ஒரு புட்டி பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும்; வருஷத்துக்கு முப்பது புட்டி வேண்டும்; ஒரு கோடியே எண்பத்தாறு லட்சம் ரூபாய். ஹைதராபாத் நாட்கோ கம்பெனி நாங்கள் இதைச் செய்கிறோம் என்று கிளம்பியது. ரோஷ் கோர்ட்டுக்கு ஓடியது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. அக்டோபரில் அதே கோர்ட்டின் இரு நீதிபதிகள் பெஞ்சும் மறுத்தது. அதே மாதம் உச்சநீதிமன்றமும் ரோஷின் மனுவைத் தள்ளியது. நாட்கோ என்ன விலைக்கு விற்றது? ஒரு புட்டி 15,900 ரூபாய்!

ஆறு லட்சத்து இருபதாயிரம் எங்கே, பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே! நாட்கோவும் தர்மசத்திரம் அல்ல. லாபம் வைத்துத்தான் விற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் வெறும் ஏகபோகக் கொள்ளை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இத்தனை வருஷமாக உண்டியலில் விழுந்த பத்து ரூபாய் எங்கே போனது என்று இப்போது தெரிகிறது.

இது முதல் தடவையும் அல்ல. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு இதே நோவார்ட்டிஸ் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. சட்டத்தையே எதிர்த்துக் கம்பெனி சென்னை உயர்நீதிமன்றம் போனது, 2007-இல் தோற்றது. உச்சநீதிமன்றத்தில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி மீண்டும் தோற்றது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் சொன்ன மருந்தை இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. 2012-இல் பேயர் கம்பெனியின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு, மாதம் 2,80,000 ரூபாய் விலை நியாயமற்றது என்று சொல்லிக் கட்டாய உரிமம் வழங்கினார்கள். விலை 8,880 ரூபாயாயிற்று.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1970-இல் போட்ட காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே உரிமை கிடையாது, செய்யும் முறைக்குத்தான் என்றது. அதனால்தான் இந்தியாவில் மாத்திரை மலிந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்துக்குத் தலை வணங்கி 2005-இல் அதை மாற்றினார்கள். அப்போது இடதுசாரிக் கட்சிகள் பார்லிமெண்டில் மல்லுக்கட்டிச் சேர்த்த திருத்தங்கள்தான் பின்னால் நோவார்ட்டிஸின் காலை வாரின. ஆனால் நெக்ஸாவருக்குக் கொடுத்த கட்டாய உரிமம் அந்த ஒன்றோடு நின்றுபோயிற்று. கத்தி உறையிலேயே துருப்பிடிக்கிறது. எடுத்து வீசச் சர்க்காருக்கு மனம் இல்லை.

சர்க்கார் என்ன செய்கிறது என்கிறீர்களா? உண்டியல் ஏந்துகிறது! நான் கேலிக்குச் சொல்லவில்லை. 2021 மார்ச்சில் மத்திய சர்க்கார் 'அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை' ஒன்றை வெளியிட்டது. எஸ்.எம்.ஏ. போன்ற நோய்களுக்குப் பணம் போதாது, ஆகவே ஜனங்களும் கம்பெனிகளும் தர்மம் செய்யலாம் என்று இணையத்தில் வசூல் பக்கம் ஒன்று அதே வருஷம் ஆகஸ்டில் திறந்து வைத்தார்கள். கூச்சல் அதிகமானபின், 2022-இல், ஒரு நோயாளிக்கு ஐம்பது லட்சம் வரை என்றார்கள். கேரளத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த ஐம்பது லட்சம் தீர்ந்துபோய், மேலும் பதினெட்டு லட்சத்துக்கு மருந்து கொடு என்று அங்குள்ள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய சர்க்கார் உச்சநீதிமன்றத்துக்குப் போய் 2025 பிப்ரவரியில் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது. பதினெட்டு லட்சத்துக்கு இத்தனை வீராப்பு! சீனாவிலும் பாகிஸ்தானிலும் இதே மருந்து இங்கிருப்பதைவிட மலிவு என்ற விஷயம் அந்த வழக்கிலேயே எழுந்தது. ரோஷை மிரட்டி விலையைக் குறைக்கத் துப்பில்லாதவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணோடு வழக்காடினார்கள்.

தனியார் கம்பெனி செய்யாவிட்டால் நாட்டில் வேறு கூடமே இல்லையா? ஜோல்கென்ஸ்மா ரிஸ்டிப்ளாம்போல் எளிதில் செய்யும் சரக்கு அல்ல, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு உயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டும். சோவியத் உதவியோடு 1961-இல் அமைத்த ஐ.டி.பி.எல். பொதுத்துறை மருந்துக் கம்பெனியை மூட 2016-இல் முடிவெடுத்தவர்கள் யார்? குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் லைசென்ஸை 2008-இல் நிறுத்தியவர்கள் யார்? செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடி கொட்டிக் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021-இல் ஊரெல்லாம் கொரோனாவில் செத்தபோதும் ஒரு சொட்டு மருந்து செய்யாமல் பூட்டிக் கிடந்ததே, அந்தப் பூட்டுக்குச் சாவி யாரிடம்?

உண்டியலுக்குத் திரும்புவோம். 2021 ஜூலையில் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குப் பதினெட்டு கோடி கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் 46 கோடியே 78 லட்சம் வந்து குவிந்தது. மிச்சத்தை மற்றக் குழந்தைகளுக்கு ஒதுக்கினார்கள். கேரளத்து ஜனங்களின் நெஞ்சு பெரிய நெஞ்சு. ஆனால் அந்த மாதம் கேமராவுக்கு முன்னால் வராத குழந்தைகள் எத்தனை? பத்தாயிரம் பிரசவத்துக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் வருகிறது என்பது டாக்டர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் வருஷத்துக்குப் பிரசவம் எட்டு லட்சம் அளவு. அப்படியானால் வருஷத்துக்கு எண்பது குழந்தைகள்! அதில் எத்தனை பேருக்கு உண்டியல் நிறைந்தது? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்பதில் ஒன்று கல்வராயன் மலையில் பிறந்தால்? அந்த மலையில் ரோடு உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று சாராயச் சாவுக்குப் பிறகு 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே வழக்கெடுத்துக் கேட்க வேண்டி வந்தது. அங்கே மரபணுச் சோதனை யார் செய்வார்? "பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை" என்று பேர் தெரியாத நோயில் ஒரு குழந்தை போய்விடும். பக்கத்து மலைக்குக்கூடச் செய்தி எட்டாது. செல்போனில் நன்றாகப் பேசத் தெரிந்த சித்தப்பா ஒருவன் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் மண். உண்டியலின் நீதி இதுதான்.

அப்படியானால் உண்டியலில் போடாதே என்கிறேனா? இல்லை. "தர்மம் செய்தால் முதலாளித்துவம் நீடிக்கும்" என்று தத்துவம் பேசிக்கொண்டு பையை மூடிக்கொள்ளும் தோழருக்கு நான் பரிந்து பேச மாட்டேன். குழந்தை காத்திருக்காது. வேலைநிறுத்தக் காலத்தில் நாமும் உண்டியல் ஏந்தியவர்கள். பத்து ரூபாய் போட்ட கை எதைச் சொல்லும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த உண்டியலுக்குப் பின்னால் ஒரு கோரிக்கை இருந்தது. கோரிக்கை இல்லாத உண்டியல், மருந்துக் கம்பெனிக்குக் கூலி இல்லாத வசூல்காரன் வேலை.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. எப்படி வந்தது? 1948-இல் சட்டமாயிற்று. இன்று சம்பளத்தில் தொழிலாளி முக்கால் சதவீதம் கொடுக்கிறான், முதலாளி மூன்றே கால் சதவீதம் கொடுத்தாக வேண்டும். அதுவும் பலர் சேர்ந்து போடும் நிதிதான். ஆனால் அங்கே யாரும் கை ஏந்துவதில்லை, கார்டைக் காட்டுகிறான். தறிப்பட்டறையில் கூலிக்கு ஓட்டுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் அந்தக் கார்டையும் முதலாளி ஏய்க்கிறான். விவசாயத் தொழிலாளிக்கோ அந்தச் சட்டமே இல்லை. அவன் கையில் இருப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம்.

அந்த ஐந்து லட்சத்தை வைத்தே ஒரு கணக்குச் சொல்கிறேன். புதிய விலையில் ரிஸ்டிப்ளாம் முப்பது புட்டிக்கு நாலு லட்சத்து எழுபத்தேழாயிரம். சின்னக் குழந்தைக்கு இன்னும் குறையும். கூலிக்காரனுக்கு அதுவும் எட்டாக் கனிதான், சர்க்காருக்கு அல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மாநில ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கிப் பேர் எடுத்தது. அது மாநிலத்துக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து டெண்டர் விட்டால் 15,900-உம் இறங்கும். கேரளத்தில் இடதுசாரி ஆட்சி 2024 பிப்ரவரியில் 'கேர்' என்ற அரிய நோய்த் திட்டம் தொடங்கி, இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்ததே! மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

ஆகவே விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் மில் தோழர்களும் இந்த வாரமே ஒன்று செய்ய வேண்டும். உங்கள் ஊரில் உண்டியல் வந்தால் முடிந்ததைப் போடுங்கள். போட்ட கையோடு அந்தப் பெற்றோரை அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், ஐம்பது பேராகப் போங்கள். கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கட்டாய உரிமம் வழங்க மத்திய சர்க்காரை மாநில சர்க்கார் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. மனுவோடு குழந்தையின் வயது, எடை, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். எடை முக்கியம், மருந்தின் அளவையும் புட்டிக் கணக்கையும் அதை வைத்துத்தான் போட வேண்டும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.